ராஜா போட்ட தூண்டிலும் பேர் கிடைக்காத மீனும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சில் வந்த இழுவைகளும் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களும் குறைக்கப்பட்டிருக்கின்றன.)

போன மாசம் லாங் வீக்கெண்டுக்கு மேட்டூர் பக்கம் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆன்லைன்ல ஒரு தூண்டில் வாங்கியிருந்தேன். ரீல் வெச்சது, மடக்கிப் பைக்குள்ள வெச்சுக்கலாம். கால்வாய் ஓரமா காலையில ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்தேன். கிடைச்சது மொத்தம் அஞ்சு மீன். மூணு ஜிலேபி, ஒரு கெளுத்தி, ஒரு சின்ன விரால். விரால் கிடைச்சதுக்கு என் திறமை காரணம் இல்ல, பக்கத்துல மண்புழு வெச்சு உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா பரிதாபப்பட்டுக் கொடுத்தது.

எனக்கு அஞ்சும் மீன்தான். அம்மாயிக்கு அது மூணு வேற வேற வேலை. கெளுத்தியைத் தொடறதுக்கு முன்னாடியே, "முள்ளு கொட்டிரும் சாமி, அங்கயே வெய்யி"ன்னாங்க. முதல்ல பக்கத்து முள்ளை ஒடிச்சாங்க. விராலுக்கு அடுப்புச் சாம்பல் எடுத்தாங்க, வழுவழுப்புப் போகத் தேய்க்க. ஜிலேபிக்குச் செதில் உரசல், அப்புறம் மிளகாய்த்தூள், எண்ணெய். விராலும் கெளுத்தியும் குழம்புக்கு, ஜிலேபி வறுவலுக்கு. இதுல என் கருத்தை யாரும் கேட்கல.

இந்த எபிசோடுக்குப் படிக்க ஆரம்பிச்சப்போ அந்தக் காலை நேரம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துச்சு. பொழுதுபோக்கா மீன் பிடிக்கறது நம்ம பக்கத்துக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுன்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன். தொப்பி, நீளமான தூண்டில், பக்கத்துல வேலைக்காரர் ஒருத்தர், அப்படி ஒரு படம். அதுக்கு எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ராஜா இதைப் பத்தி ஒரு அத்தியாயம் எழுதி வெச்சிருக்கார்.

அவர் பேர் மூன்றாம் சோமேஸ்வரன். மேலைச் சாளுக்கிய மன்னர். தலைநகரம் கல்யாணி, இன்னைக்குக் கர்நாடகாவுல பீதர் மாவட்டத்துல இருக்கற பசவகல்யாண். நம்ம பொன்னியின் செல்வன் ரசிகர்களுக்குச் சுலபமா சொல்லணும்னா, ராஜராஜனுக்கு நூறு வருஷம் கழிச்சு, தஞ்சைப் பக்கம் விக்கிரம சோழன் ஆண்டுட்டு இருந்த நேரம். சோமேஸ்வரன் 1126-ல பட்டத்துக்கு வந்தார். போர்ல பெருசா பேர் எடுத்தவர் இல்ல. ஆனா உட்கார்ந்து சமஸ்கிருதத்துல ஒரு புத்தகம் எழுதினார், பேர் 'மானசோல்லாசம்'. அஞ்சு பகுதி, ஒவ்வொண்ணுலயும் இருபது அத்தியாயம், ஆக நூறு. அரசியல், கட்டடம், மருத்துவம், யானை, இசை, ஓவியம், சமையல், விளையாட்டுன்னு ஒரு ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய எல்லாத்தையும் அதுல போட்டு வெச்சிருக்கார். ஒரு கம்பெனியில மொத்த சிஸ்டத்துக்கும் ஒரே ஆள் டாக்குமெண்டேஷன் எழுதின மாதிரி.

அதோட நாலாவது பகுதி பொழுதுபோக்குகளுக்கு. அதுல ஒரு அத்தியாயம் 'மத்ஸ்ய வினோதம்'. மத்ஸ்யம்னா மீன், வினோதம்னா இங்க பொழுதுபோக்கு. தூண்டில் போடறது எப்படின்னு ராஜாக்களுக்கான பாடம். கிட்டத்தட்ட முப்பத்தஞ்சு வகை மீன்களை வரிசைப்படுத்தறார். வரிசைப்படுத்தற முறைதான் என்னைப் பிடிச்சு உட்கார வெச்சுது. கடல் மீனா, ஆத்து மீனா? செதில் இருக்கா, இல்லையா? பெருசா, சின்னதா? அப்புறம் எதுக்கு என்ன தீனி. ஒண்ணுக்கு எள்ளுப் பிண்ணாக்கும் மாவும், இன்னொண்ணுக்கு இறைச்சின்னு பிரிச்சுச் சொல்றார். நல்லா யோசிச்சா, அம்மாயி அன்னைக்குக் காலையில வெறும் கண்ணாலயே பண்ணினதும் கிட்டத்தட்ட இந்தப் பிரிப்புதான். செதில் இருந்தா உரசு, வழுவழுப்பு இருந்தா சாம்பல்.

அதே புத்தகத்தோட மூணாவது பகுதியில சாப்பாட்டுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. இட்லிக்கும் தோசைக்கும் முன்னோடின்னு சொல்லப்படற பலகாரங்கள் வர்றதால உணவு வரலாறு எழுதறவங்க எல்லாரும் இங்க வந்து நிப்பாங்க. சைவம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. மீன் இருக்கு, நண்டு இருக்கு, ஆமை இருக்கு, எலி வறுவலும் இருக்கு. அரண்மனைச் சமையல்ல எலியான்னு கேட்காதீங்க, நம்ம டெல்டாவுல வயல் எலி சாப்பிடறவங்களுக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

ராஜா பிடிச்ச மீனை ராஜாவே அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டாரான்றது வேற விஷயம். எனக்கு முக்கியமா படறது, ஒரே ஆளோட மண்டைக்குள்ள ரெண்டும் இருந்துச்சு. மீன் என்ன திங்கும்ன்றதும் மீனை எப்படித் திங்கறதுன்றதும். இங்கிலாந்துல 1653-ல ஐசக் வால்டன் எழுதின 'தி கம்ப்ளீட் ஆங்லர்'தான் தூண்டில்காரங்களோட பைபிள் மாதிரி. அதுலயும் இதே கதைதான். ஒவ்வொரு மீனா எடுத்து எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லிட்டு, பல மீன்களுக்கு எப்படிச் சமைக்கறதுன்னும் எழுதியிருக்கார். சாளுக்கிய ராஜாவுக்கும் லண்டன்ல கடை வெச்சிருந்த வால்டனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரெண்டு பேரும் அடுப்பை மறக்கல, அவ்வளவுதான்.

சோமேஸ்வரனோட இந்த அத்தியாயத்தை மீன் விஞ்ஞானிகள் பக்கம் கொண்டு வந்தவர் சுந்தர் லால் ஹோரா. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தோட இயக்குநரா இருந்தவர், 1951-ல இதைப் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுக்குள்ள இங்க மீன் பிடிக்கற பொழுதுபோக்கு வேற ஆளுங்க கைக்குப் போயிருந்துச்சு.

அந்த ஆளுங்கள்ல முக்கியமானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873-ல 'தி ராட் இன் இந்தியா'ன்னு ஒரு புத்தகம் போட்டார். 1887-ல ஏரி, குளங்கள்ல தூண்டில் போடறதுக்குன்னே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'ன்னு இன்னொண்ணு. ரெண்டும் ரொம்ப நாள் ஓடின புத்தகங்கள். வேலை விட்டா அடுத்தது தண்ணி ஓரம்தான்னு இருந்த மனுஷன், உண்மையிலேயே ரசிச்சு எழுதினவர். ஆனா அந்தக் காலத்துல ஒரு மீன் மட்டும் ஹீரோ ஆகுது. மஹசீர். பெரிய செதில், பெரிய உடம்பு, தூண்டில்ல மாட்டினா ஆத்தோட பாறையெல்லாம் சுத்தி இழுக்கற பலம். புலி வேட்டைக்குச் சமமா அதைப் பேசினாங்க. கேள்வி 'என்ன மீன்'ல இருந்து 'எத்தனை பவுண்டு'க்கு மாறிடுச்சு. 1946-ல மைசூர் பக்கம் வான் இங்கன் குடும்பத்துல ஒருத்தர் பிடிச்ச மஹசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. புலி, சிறுத்தையைப் பாடம் பண்றதுல உலகம் பூரா பேர் வாங்கின குடும்பம் அது. அந்த எடையைத்தான் இன்னைக்கு வரைக்கும் ரெக்கார்டா சொல்றாங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரங்க கிளம்பிட்டாங்க, மஹசீரையும் உலகம் மறந்துருச்சு. 1970-கள் கடைசியில இங்கிலாந்துல இருந்து மூணு இளைஞர்கள் வண்டி எடுத்துட்டு வந்து காவிரியில இந்த மீன் இன்னும் இருக்குன்னு காட்டினாங்க. அதுக்கப்புறம் சிவனசமுத்திரத்துக்கும் மேகதாதுவுக்கும் நடுவுல, பீமேஸ்வரி, கலிபோரேன்னு கேம்ப்கள் வந்துச்சு. அங்க சட்டம் ஒண்ணுதான்: பிடி, எடை போடு, போட்டோ எடு, திரும்ப விடு. சமைக்கக் கூடாது. தூண்டில்ல வெக்கற இரை ராகி மாவை உருட்டி வேக வெச்ச உருண்டை. தர்மபுரிக்காரங்களே, கவனிங்க. மீன் குழம்புக்குத் தொட்டுத் திங்கற அதே களிதான். இங்க களி மீனுக்கு, குழம்பு யாருக்கும் கிடையாது. பரிசல் ஓட்டினவங்க, வழிகாட்டினவங்க எல்லாம் ஆத்தோரத்து ஊர்க்காரங்க. அதுல சிலர் முன்னாடி வெடி போட்டோ வலை போட்டோ மீன் பிடிச்சுட்டு இருந்தவங்க. வேலை கிடைச்சதும் அதே ஆளுங்க ஆத்துக்குக் காவலா மாறினாங்க. இது உண்மையிலேயே நல்ல விஷயம், நான் நக்கல் பண்ணல.

இனிமேதான் வயித்தைக் கலக்கற பகுதி.

காவிரியில இருந்த பெரிய மஹசீருக்கு முதுகுல ஒரு திமில் இருக்கும், துடுப்புகள்ல ஆரஞ்சு நிறம். திமில் மஹசீர்னு வெச்சுக்குவோம். காவிரியையும் அதோட கிளை ஆறுகளையும் விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. மஹசீர் குறையுதுன்னு கவலைப்பட்டு 1970-கள்ல இருந்து செயற்கையா குஞ்சு பொரிச்சு ஆறுகள்ல விட ஆரம்பிச்சாங்க. மஹாராஷ்டிராவுல லோனாவாலா பக்கம் டாடா மின் நிறுவனத்தோட பொரிப்பகம்தான் இதுல பெரிய இடம். அங்க வளர்த்தது நீலத் துடுப்பு மஹசீர், காவிரிக்குச் சொந்தம் இல்லாத இனம். காவிரியிலும் விட்டாங்க. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மஹசீர் குறையுது, மஹசீர் விடறோம். டேட்டாபேஸ்ல ரெண்டு வேற வேற ஐட்டத்துக்கு ஒரே ஐடி கொடுத்தா என்ன ஆகும்னு என் கூட வேலை பார்க்கறவங்களுக்குத் தெரியும்.

இது வெளிய வந்தது எப்படின்னா, கேம்ப்ல இருந்த நோட்டுப் புத்தகங்களால. தூண்டில் போட்டவங்க எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாங்க, எத்தனை மீன், என்ன எடை, எந்த வகைன்னு எழுதி வெச்சிருந்தாங்க. 1998-ல இருந்து 2012 வரைக்கும் 23,620 மணி நேரம், 6,161 மஹசீர். 2012-ல சரணாலயத்துக்குள்ள தூண்டில் போடறது நின்னு போச்சு, நோட்டும் நின்னுது. ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. மொத்த எண்ணிக்கை கூடிட்டே போகுது. டேஷ்போர்டுல பார்த்தா பச்சை விளக்கு, கை தட்டிட்டுப் போயிடலாம். வகை வகையா பிரிச்சுப் பார்த்தா, கூடினதெல்லாம் நீலத் துடுப்பு. திமில் மஹசீர்ல சின்ன மீனே கண்ணுல படல. கிடைச்சதெல்லாம் பழைய பெருசுங்க, அதுவும் வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வருது. அணை, மணல் அள்ளறது, வெடின்னு வேற காரணங்களும் இருக்கு, பழியை ஒரே இடத்துல வெக்க முடியாது.

இந்த உண்மையைக் காப்பாத்திக் கொடுத்ததும் அதே 'பிடிச்சு விடற' ஆளுங்களோட நோட்டுதான். அதனால அவங்களை மொத்தமா திட்டவும் எனக்கு மனசு வரல.

இன்னொண்ணு. நூறு வருஷத்துக்கு மேல உலகப் புகழ், அத்தனை போட்டோ, அத்தனை ரெக்கார்டு. ஆனா அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பேரே கிடையாது. அதனால அழியற இனங்களோட பட்டியல்ல அதைச் சேர்க்கவும் முடியல. கேரளாவுல மறையூர் பக்கம் ஓடி நம்ம அமராவதிக்கு வந்து சேர்ற பாம்பாறுல கிடைச்ச சின்ன மீன்களை வெச்சு 2007-ல ஒரு புது இனத்துக்குப் பேர் வெச்சிருந்தாங்க: 'டோர் ரெமாதேவி'. மீன் ஆராய்ச்சியாளர் ரெமா தேவியைக் கௌரவிச்சு வெச்ச பேர். நீலகிரி அடிவாரத்துல ஓடற மோயாறுல திமில் மஹசீரைப் பிடிச்சு, மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, ரெண்டும் ஒரே இனம்னு 2018-ல உறுதி பண்ணினாங்க. அதே வருஷம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தோட பட்டியல்ல 'மிக அருகிய' இனம்னு ஏறிடுச்சு. இன்னைக்கு அதுக்கு ஓரளவு நம்பிக்கை தர்ற இடம் மோயாறு மட்டும்தான்.

சாப்பிட்டிருந்தா பிழைச்சிருக்கும்னு நான் சொல்ல வரல. ஐம்பது கிலோ மீனை ஊரே சேர்ந்து தின்னா அது இன்னும் சீக்கிரமா முடிஞ்சிருக்கும். ஆனா ஒரு மீனைக் கையில எடுத்து, செதில் உரசி, முள்ளு பார்த்து, வயித்துல என்ன இருக்குன்னு அறுத்துப் பார்க்கறவங்களுக்கு, இது அது இல்லன்னு தெரிஞ்சிடும். ஆத்தோரத்து மக்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கணும்னு நான் நினைக்கறேன். அவங்க கிட்ட யாரும் கேட்கல. அவங்க பரிசல் ஓட்டினாங்க.

திமில் மஹசீரோட பழைய போட்டோ ஒண்ணை அம்மாயிக்குப் போன்ல காட்டினேன். கொஞ்ச நேரம் பெருசு பண்ணிப் பார்த்துட்டு, "கெண்டை ஜாதிதான். முள்ளு ஜாஸ்தி இருக்கும். இது இங்கெல்லாம் வராது, பாறைத் தண்ணியில கிடக்கறது"ன்னாங்க. சின்ன வயசுல ஒகேனக்கல் பக்கம் ஒரு தடவை பார்த்திருக்காங்களாம். சாப்பிட்டதில்லையாம். நான் அன்னைக்குப் பிடிச்ச ஜிலேபியைக் காட்டி, "இதுதான் எங்க காலத்துல இல்ல"ன்னாங்க. செக் பண்ணினேன். ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-ல இலங்கையில இருந்து மண்டபத்துக்குக் கொண்டு வந்திருக்காங்க. அம்மாயி சொன்னது சரிதான்.

அடுத்த எபிசோட்ல ஊட்டி ட்ரவுட். 1863-ல ஃபிரான்சிஸ் டேன்னு ஒரு ராணுவ டாக்டர் இங்கிலாந்துல இருந்து மீன் முட்டையைக் கப்பல்ல கொண்டு வரப் பார்த்த கதை. வழியிலேயே எல்லாம் போச்சு. அது எப்படின்னு அப்போ பேசுவோம். உங்க வீட்டுல யாராவது ஆத்து மீன் வகையெல்லாம் பேர் சொல்லிப் பிரிச்சுக் காட்டுவாங்கன்னா, ஒரு வாய்ஸ் நோட் எடுத்து அனுப்புங்க.