ஒப்பாமாவின் பெருங்கப்பல்

எண்ணெய்க் கப்பல்கள் பிரமாண்டமாக வளர்ந்ததற்கு 1967இல் சூயெஸ் கால்வாய் மூடப்பட்டதே காரணம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அக்கூற்று பாதி உண்மையே. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கவல்ல முதற் கப்பலாகிய 'இதெமித்ஸு மாரு' 1966ஆம் ஆண்டிலேயே யோக்கஹாமாவில் கட்டி முடிக்கப்பட்டது என்பதையும், பாரசீக வளைகுடாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்லும் கடல்வழி சூயெஸைத் தொடுவதே இல்லை என்பதையும் சேர்த்து நோக்குவோர், அவ்வளர்ச்சியின் மூலத்தை ஜப்பானியக் கப்பல் கட்டுந்தளங்களிலேயே தேடவேண்டியவராகின்றனர்.

'யமாட்டோ' என்னும் மகா யுத்தக்கப்பல் பிறந்த குரே கடற்படைத் தளத்தை 1951இல் அமெரிக்க வியாபாரி டேனியல் லட்விக் குத்தகைக்கு எடுத்தபோது, தகடு தகடாகத் தறையாணி அடித்துக் கப்பல் கட்டிய பழைய முறை மறைந்து, உடலைப் பெரும் பகுதிகளாகப் பற்றவைத்துத் தயாரித்து உலர்துறையில் இறக்கி ஒன்றோடொன்று இணைக்கும் முறை, யுத்தகால அமெரிக்கத் தளங்களின் அனுபவத்தோடு அங்கே புகுந்தது. லட்சம் டன் எல்லையை முதன்முதலில் தாண்டிய 'யூனிவர்ஸ் அப்போலோ' அத்தளத்தின் சிருஷ்டியே. நீள அகல ஆழங்களை இருமடங்காக்கினால் எஃகின் பரப்பு நான்கு மடங்காகும். கொள்ளளவோ எட்டு மடங்காகும். மாலுமிகளின் தொகை மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இந்தக் கணிதத்தின் ருசியைக் கண்ட முதலாளிகளுக்கு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவர நேர்ந்த 1967ஆம் ஆண்டு ஒரு தூண்டுகோலாயிற்றே தவிர ஆதிகாரணமாகவில்லை.

அந்த உற்சாகத்தின் உச்சத்திலேதான் ஒப்பாமா தளம் தோன்றியது. 1897இல் ஸ்தாபிதமான உராகா கப்பல் ஸ்தாபனத்தின் வாரிசை 1969இல் தன்னோடு இணைத்துக்கொண்ட சுமிட்டோமோ, யோக்கோசுக்கா நகரில் பழைய கடற்படை விமானத்தளத்தின் அண்டையில், 1971இல் இப்புதிய தளத்தை நிறுவிற்று. இரண்டே ஆண்டுகளில், 1973 அக்டோபரில், எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது, உபயோகம் குறைந்தது, கப்பல்கள் சரக்கின்றி நங்கூரமிட்டன. பிரான்ஸில் சென் நஸேர் தளம் கட்டிய ஐந்தரை லட்சம் டன் கப்பலான 'பத்தியூஸ்' 1976இல் கடலிறங்கிப் பத்தாண்டும் நிறையுமுன்னரே உடைக்கப்பட்டது என்பதிலிருந்து அக்காலத்தின் நிலையை ஊகிக்கலாம்.

ஒப்பாமாவில் உருவான 4,18,611 டன் கப்பலை, அதற்கு உத்தரவு கொடுத்த கிரேக்க முதலாளி ஏற்க மறுத்தார். பின்னோக்கிச் செலுத்துகையில் அது கடுமையாக அதிர்ந்ததே காரணம் என்பர். சந்தையில் கேள்வி இல்லாத காலத்தில் அதிர்வு ஒரு சௌகரியமான காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னர் அதை வாங்கிய ஹாங்காங் கப்பல் அதிபர் சி. ஒய். துங், நகரின் சீன ஆட்சிக்கால முதல் தலைமை நிர்வாகியின் தந்தை, அதன் உடலை வெட்டிப் புதிய பகுதியைச் செருகி நீட்டுவித்து, 'ஸீவைஸ் ஜயண்ட்' என்று பெயரிட்டார். நீளம் 458.45 மீட்டர், சுமைதிறன் 5,64,763 டன். முழுச் சுமையோடு 24.6 மீட்டர் ஆழ்ந்து மிதந்த அதற்கு ஆங்கிலக் கால்வாயே ஆழம் போதாது. 1975இல் சூயெஸ் மீண்டும் திறக்கப்பட்டதனால் அதற்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை.

1988 மே 14ஆம் தேதி, ஈரானிய எண்ணெயுடன் லாரக் தீவருகே நின்றிருந்த அதனை இராக்கிய விமானங்கள் தாக்கின. தேறாது என்று கைவிடப்பட்ட கப்பல், பிறர் கைக்கு மாறி, சிங்கப்பூரில் செப்பனிடப்பட்டு, 1991 முதல் நார்வேயரிடம் 'யாரே வைக்கிங்' என்ற நாமத்துடன் மீண்டும் ஓடியது. 2004இல் துபாயில் மாற்றியமைக்கப்பட்டு, கத்தாரின் அல் ஷாஹீன் எண்ணெய்வயலில் 'நாக் நெவிஸ்' என்னும் மிதக்கும் சேமிப்புக் கிடங்காக நின்றது. இறுதியில், அலையேற்றம் மிகுந்த குஜராத்தின் அலாங் கடற்கரையில் 2009 முடிவில் கரையேற்றப்பட்டுப் படிப்படியாக உடைக்கப்பட்டது.

ஒப்பாமா தளமோ பிற்காலத்தில் லட்சம் டன் அளவுள்ள நடுத்தரக் கப்பல்களிலேயே விசேஷத் தேர்ச்சி பெற்றது. கொரிய, சீனத் தளங்களின் போட்டியினிடையே, புதிய வர்த்தகக் கப்பல்களைக் கட்டும் தொழிலிலிருந்து விலகுவதாக 2024 பிப்ரவரியில் சுமிட்டோமோ அறிவித்தது. அப்போட்டித் தளங்களும், கொரியாவின் டேவூ 2002, 2003 ஆண்டுகளில் நான்கு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நான்கு எண்ணெய்க் கப்பல்களைக் கட்டியது நீங்கலாக, எண்ணெய்க் கப்பல்களைப் பொறுத்தமட்டில் மூன்று லட்சம் டன் அளவோடு நின்றுவிட்டன.