சேர்வராயன் மலை பாக்சைட்டும் எரிசோடாவும்

எரிசோடா (சோடியம் ஐதராக்சைடு) என்பது கடுமையான அரிக்கும் தன்மை கொண்ட காரம். கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் 'காஸ்டிக் சோடா' என்று அழைக்கப்படுகிறது. சேலம் மாவட்டத்தில் இதன் வரலாறு இரண்டு இடங்களோடு பிணைந்தது. ஒன்று, பாக்சைட் தாது கிடைத்த ஏற்காடு, சேர்வராயன் மலைப்பகுதி. மற்றொன்று, அத்தாதுவை எரிசோடாவில் கரைத்து அலுமினியம் எடுத்த மேட்டூர். சோப்பு, துணி, காகிதம், அலுமினியம் ஆகிய தொழில்களுக்கு இன்றியமையாத இந்தக் காரம், கையாளத் தெரியாதவரின் கண்ணையும் தோலையும் சில நிமிடங்களில் சிதைக்கக்கூடியது.

மலையும் தாதுவும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பேருந்து அடிவாரத்தைத் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மலையின் அடிப்பாறை சார்னோகைட். இந்தப் பாறை மழையாலும் வெயிலாலும் நெடுங்காலம் சிதைந்தபோது கரையக்கூடிய தாதுக்கள் நீரோடு வெளியேறின. அலுமினியமும் இரும்பும் மிகுந்த செம்மண் படிவம் உச்சிச் சமவெளிகளில் தங்கியது. அதுவே பாக்சைட். மலையாளி மக்கள் வழிபடும் சேர்வராயன் கோயில் அமைந்த உச்சிச் சமவெளியிலும் இத்தகைய செம்மண்தான் காணப்படுகிறது. அடிவாரத்தை அடுத்த சுண்ணாம்புக்கரடு பகுதியின் வெள்ளைக்கல் (மேக்னசைட்) இதிலிருந்து வேறுபட்ட கனிமம். இரண்டையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் மாணவர்களிடையே உண்டு.

மேட்டூரில் காரத் தொழில்

இரண்டாம் உலகப்போர் வரை இந்தியாவின் எரிசோடாத் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியால் நிறைவேறியது. சோப்புத் தொழிலும் ஆலைத்துணித் தொழிலும் வெளிநாட்டுப் பீப்பாய்களை நம்பியிருந்தன. கப்பல் வரவு தடைப்பட்டால் சோப்புக் கொதிகலன்கள் அணைந்துவிடும் நிலை.

1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அணையின் நீர்மின்சாரம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில், திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் 1936-ல் மேட்டூர் கெமிக்கல் அண்டு இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எரிசோடா, குளோரின், ஐதரசன் மூன்றும் கிடைக்கும். எரிசோடா ஒரு டன் உற்பத்தியானால் ஏறக்குறைய 0.89 டன் குளோரின் கூடவே வந்துவிடும். காரம் மட்டும் வேண்டும், நச்சு வாயு வேண்டாம் என்று கூற வழியில்லை. இதனால் காரத் தொழிற்சாலை உள்ள ஊர்களில் குளோரினைப் பயன்படுத்தும் தொழில்களும் உடன் வளர்ந்தன. மேட்டூரில் பின்னர் பி.வி.சி. தொழில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேயர் முறை

ஆஸ்திரிய வேதியியலாளர் காரல் ஜோசப் பேயர் 1880-களின் பிற்பகுதியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பணியாற்றியபோது, பாக்சைட்டிலிருந்து தூய அலுமினா எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அவருடைய நோக்கம் அலுமினியம் அன்று. துணியில் சாயம் நிலைத்து நிற்கத் தேவைப்பட்ட அலுமினாவை மலிவாகப் பெறுவதே. இன்றும் உலகின் அலுமினாவில் மிகப்பெரும் பங்கு இம்முறையிலேயே கிடைக்கிறது.

பொடித்த பாக்சைட்டைச் சூடான எரிசோடாக் கரைசலில், அழுத்தக் கலன்களில் வைத்து வேகவைக்க வேண்டும். கிப்சைட் வகைத் தாதுவிற்கு 150 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் போதும். அலுமினியச் சேர்மம் கரைந்துவிடும். இரும்பு ஆக்சைடு கரையாமல் செஞ்சேறாகப் படியும். தெளிந்த கரைசலைக் குளிரவைத்து, சிறிதளவு அலுமினிய ஐதராக்சைடு பொடியை வித்தாகத் தூவினால், கரைந்திருந்தது வெண்படிவமாக இறங்கும். காரம் மீண்டும் பயன்படுத்தப்படும். தாதுவில் மணற்சத்து (சிலிக்கா) மிகுந்திருந்தால் அது காரத்தை விழுங்கிவிடும், செலவு ஏறும்.

இந்த முறையில் மேட்டூரில் இயங்கியது மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ). 1960-ல் நிறுவப்பட்டு, இத்தாலியின் மொண்டேகத்தினி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றின் பாக்சைட் மேட்டூருக்குக் கொண்டுவரப்பட்டது.

கொதிக்கும் காரம் குழாய்களில் ஓடும் ஆலையில் மிகவும் அஞ்சத்தக்கது குழாய் இணைப்புகளில் ஏற்படும் பீறிடல். நீராவி பட்டால் தோல் வேகும். கொதிக்கும் காரமோ வேகவைத்துவிட்டு உள்ளேயும் இறங்கும். ஆகவே இத்தகைய ஆலைகளில் இணைப்புகளுக்கு உறை போடுவதும், ஆங்காங்கே அவசர நீர்த்தாரையும் கண்கழுவியும் அமைப்பதும் வழக்கமாயின. குழாயினுள் படியும் கெட்டிப்படிவத்தைச் சுரண்டி எடுக்கும் துப்புரவுப் பணியில் ஆபத்து மிகுதி. குழாய் காலியாகிவிட்டது என்று நம்பித் திறக்கும் தருணமே விபத்தின் தருணம்.

உடலில் என்ன நடக்கிறது

எண்ணெயும் எரிசோடாவும் சேர்ந்தால் சோப்பு உண்டாகிறது. சோப்புக் கொப்பரையில் நிகழும் அதே வினை மனிதத் தோலிலும் நிகழ்கிறது. எரிசோடாக் கரைசல் பட்ட விரல் வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம், தோலின் கொழுப்பு சோப்பாக மாறுவதே. அமிலம் பட்டால் புரதம் உறைந்து ஒரு பொருக்கு உண்டாகும். அப்பொருக்கு ஓரளவு தடையாகவும் நிற்கும். காரத்திற்கு அத்தகைய தடை எழுவதில்லை. திசுவைக் கூழாக்கிக்கொண்டே ஆழத்திற்குச் செல்லும். வலி தாமதமாக வருவதால், ஒன்றுமில்லை என்று எண்ணி வேலையைத் தொடர்ந்தவர்களே பெருங்காயம் அடைந்துள்ளனர்.

கண்ணில் பட்டால் கருவிழி வெண்மையாகி நிரந்தரப் பார்வையிழப்பு ஏற்படலாம். இது தொழிற்சாலைக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கித் தெறித்துக் குழந்தைகளின் கண் பாதிக்கப்படுவதை இந்தியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். அதுவும் காரக் காயமே.

விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிவிடும். அமெரிக்காவில் சோப்புக் காய்ச்ச வீடுகளில் வைத்திருந்த காரத்தைக் குழந்தைகள் விழுங்கிய நிகழ்வுகள் ஏராளம். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக 1927-ல் அரிக்கும் நச்சுப்பொருள் சட்டம் அங்கு நிறைவேறியது. புட்டிமீது 'நச்சு' என்ற சொல்லும் முதலுதவிக் குறிப்பும் கட்டாயமாயின. ஒரு சீட்டு ஒட்ட வைப்பதற்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் வந்தது. 1984-ன் போபால் பேரழிவுக்குப் பின் 1987-ல் அது திருத்தப்பட்டது. அபாயகர வேதிப்பொருள்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி குறித்த விதிகள் 1989-ல் வெளியாயின.

ஆய்வகத்தில் கையாளுதல்

கல்லூரித் தரம்பார்த்தலில் பயன்படும் 0.1 மோலார் கரைசலில் லிட்டருக்கு 4 கிராம் எரிசோடாவே இருக்கும். ஆபத்து பெரும்பாலும் அங்கே இல்லை, செறிந்த கரைசலைத் தயாரிக்கும் இடத்தில் இருக்கிறது. எரிசோடா கரையும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படும். குளிர்ந்த நீரில் வில்லைகளைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்க வேண்டும். வில்லைகள்மீது நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சிந்திய வில்லை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மேசையில் ஒரு துளி நீர்போலக் கிடக்கும். அதைத் தண்ணீர் என்று எண்ணிக் கையால் துடைப்பவர் உண்டு.

உப்புப் பகுப்பாய்வில் அம்மோனியத்தைக் கண்டறிய, உப்புடன் எரிசோடாக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்குவர். சோதனைக்குழாய் திடீரெனப் பொங்கி வெளியே பாயும் என்பதால் குழாயின் வாய் எவர் முகத்தை நோக்கியும் இருக்கக்கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழைய பழக்கம் காரத்தைப் பொறுத்தவரை மன்னிக்க முடியாதது. ரப்பர் குமிழ் மலிவாகவே கிடைக்கிறது. பக்கங்களும் மூடிய கண்ணாடி, நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறை, பருத்தி மேலங்கி ஆகியவை அடிப்படைத் தேவைகள்.

கரைசலைத் தேய்த்த கண்ணாடி மூடியுள்ள புட்டியில் வைத்தால் மூடி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் புட்டியே ஏற்றது. அலுமினியப் பாத்திரம் ஒருபோதும் கூடாது. பாக்சைட்டைக் கரைக்கும் அதே காரம் உலோகத்தையும் கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசனை வெளியிடும். சமையலறையின் பழைய அலுமினியக் குண்டானில் சோப்புக் காய்ச்ச முனைவோர் இதை அறிந்திருப்பதில்லை.

தோலில் பட்டால் உடையைக் களைந்து, ஒட்டியிருக்கும் வில்லைகளைத் தட்டிவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணை இமை விரித்தபடி அரைமணி நேரம் வரை கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்வது நல்லது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிச் சமன்செய்ய முயல்வது நேரத்தை வீணாக்கும். விழுங்கியவருக்கு உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பெருந்தவறு. வெளியே வரும் காரம் உணவுக்குழாயை இரண்டாம் முறை எரிக்கும்.

செஞ்சேறு

ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 டன் செஞ்சேறு மிஞ்சுகிறது. எவ்வளவு கழுவினாலும் அதில் காரம் எஞ்சியிருக்கும். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் ஆய்கா நகரருகே செஞ்சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்தது. கொலொந்தார், தெவெச்செர் ஆகிய ஊர்களுக்குள் சேறு புகுந்தது. பத்துப் பேர் இறந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சேற்றில் நடந்தவர்களுக்கு அன்று பெரிதாகத் தெரியாத எரிச்சல், பின்னர் ஆழமான காரப்புண்ணாக வெளிப்பட்டது. மார்சல் ஆற்றில் ஜிப்சம் கொட்டிக் காரத்தன்மையைக் குறைக்க முயன்றனர். ஆற்றின் உயிரினங்கள் பெரும்பாலும் அழிந்தன.

மேட்டூரில் அத்தகைய உடைப்பு நிகழவில்லை. மால்கோ 1995-ல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குச் சென்றது. 2008-ல் அலுமினிய உற்பத்தி நின்றது. மலையிலிருந்து இறங்கிய தாதுவில் கரையாத பகுதி, ஆலையை ஒட்டிய செஞ்சேற்றுத் தேக்கத்தில் தங்கிவிட்டது.