மழைப்பதிவில் போக்கும் இரைச்சலும்: வாக்கர் முதல் நிரல்வழி ஆய்வு வரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்திலுள்ள சேத்தூர்ப் பகுதியின் கண்மாய்ப் பாசனம் மழையை நம்பியது. ஓராண்டு பெருகுவதும் மறு ஆண்டு வறள்வதும் மழையின் இயல்பு. இவ்வேற்றத்தாழ்வாகிய இரைச்சலினூடே நெடுங்காலப் போக்கைப் பிரித்தறிவது எளிதன்று.

இதே வினா முன்னர் இந்திய அளவில் எழுந்தது. 1899இல் பருவமழை பொய்த்துப் பஞ்சம் நேர்ந்தது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், மழைப்பதிவுகளை ஆராய்ந்து, தட்பவெப்பம் நிலையாக மாறியதற்குச் சான்றில்லை என 1910இல் எழுதினார்.

போக்கைக் காண எளிய வழி நகரும் சராசரி. ஆயின், தற்செயல் எண்களைச் சராசரியிட்டாலும் அலைகள் தோன்றும் என 1927இல் ரஷ்யரான சுலுட்ஸ்கி நிறுவினார். அவ்வாண்டே யூல், சூரியப்புள்ளி எண்களை அவற்றின் முந்தைய மதிப்புகளாலும் தற்செயல் அதிர்வாலும் விளக்கினார். வாக்கர் 1931இல் அம்முறையை விரித்து, டார்வின் துறைமுகக் காற்றழுத்தப் பதிவுகளுக்குப் பொருத்தினார். இவை யூல்–வாக்கர் சமன்பாடுகள் எனப்படும்.

இன்று இக்கணக்கீடுகளைச் சில வரி நிரலே செய்துவிடும். எனினும், சராசரிக்குரிய கால அளவை 5 ஆண்டாகக் கொள்வதா, 30 ஆண்டாகக் கொள்வதா என்பது ஆய்வாளரின் முடிவே. பதிவின் இறுதியில் நேரும் ஒரு வறட்சியே போக்குக்கோட்டைச் சரித்துவிடக்கூடும். ஆகவே கால அளவையும் தொடக்க, இறுதி ஆண்டுகளையும் மாற்றிச் சோதித்த பின்னரே போக்கு என்று கூறுதல் தகும். பொய்ப்போக்கை மெய்யெனக் கொண்டால், கண்மாய் தூர்ந்ததால் நேரும் வறட்சிக்கும் வானமே பழி சுமக்கும். தூர் அகற்றப்படாமலே கிடக்கும்.