ஊவாத் தோட்டங்களும் தானே துப்புரவாகும் துணியும்: யாருடைய உடைக்கு, எந்தக் கறைக்கு?

ஆய்வுச் சுருக்கம்

நனோ தொழினுட்பத்தால் பதப்படுத்தப்பட்டு, தன்மேல் படியும் அழுக்கைத் தானே அகற்றிக்கொள்ளும் துணிகள் குறித்து கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகள் வெளிவருகின்றன. அவ்வாய்வுகளின் முடிவுகளைப் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களின் மண், மழை, நீர், வேலைமுறை ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படங்குக்கு இத்துணி இன்றைய நிலையில் பொருந்தாது, களைநாசினி தெளிக்கும் மருந்தடிப்பவரின் மேலுடைக்கே முதலில் பொருந்தும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒளியூக்கம், தைத்தேனியம் ஈரொட்சைட்டு, நீர்விலக்குப் பரப்பு, ஊவா, தோட்டத் தொழிலாளர்

1. சிக்கல்

2016இல் அவுஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி, செம்பு நனோக் கட்டமைப்புகளைப் பருத்தி இழையிலேயே வளர்த்தெடுத்தனர். சில மாதிரிகள் ஒளிபட்டு ஆறு நிமிடத்துக்குள் துப்புரவாயின என்ற செய்தி, சலவை என்னும் வேலையே ஒழியப்போகிறது என்ற நம்பிக்கையோடு உலகைச் சுற்றிவந்தது.

ஊவாத் தோட்டங்களில் அந்த நம்பிக்கையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அங்கே துவைப்பது பெரும்பாலும் பெண்கள்; அதுவும் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய பிறகு. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது பீலியில் தண்ணீர் மெலிந்துவிடும். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் நீர் கசியத் தொடங்கியபின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும் இந்த மாகாணம் கண்டிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரையும் அரை மணி நேரத்தையும் மிச்சப்படுத்தும் துணி இங்கே ஆடம்பரம் ஆகாது. ஆனால் ஆய்வுகூடத்தில் அகன்ற கறையும் தோட்டத்தில் படியும் கறையும் ஒன்றுதானா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

2. இரண்டு வழிகள், இரண்டு எதிர்த்திசைகள்

தானே துப்புரவாதல் என்ற ஒரே பெயரில் இரு வேறு தொழினுட்பங்கள் வழங்குகின்றன. முதலாவது நீரை விலக்குவது. நுண்துளைப் பரப்புகளை நீர் நனைப்பது பற்றி கஸ்ஸி, பாக்ஸ்டர் ஆகிய இருவரும் 1944இலேயே விளக்கம் தந்தனர். பொன் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் பார்த்லொட்டும் கிறிஸ்தோப் நைன்ஹுயிசும் 1997இல் தாமரை இலையை ஆராய்ந்து, அதன் நுண்மேடுகளும் மெழுகும் சேர்ந்தே நீர்த்துளியை உருண்டோட வைக்கின்றன என்றும், அத்துளி தூசியையும் அள்ளிச் செல்கிறது என்றும் காட்டினர். பீலிக்கரையில் வளரும் சேம்பு இலையிலும் இதே நிகழ்வைப் பார்க்கலாம். துளி துணியைத் தொடும் கோணம் 150 பாகைக்கு மேலிருந்து, சிறு சாய்விலேயே துளி உருண்டோடினால் இப்பண்பு வந்துவிடும்.

இரண்டாவது வழி, ஒளியூக்கி எனப்படும் பொருளால் கறையைச் சிதைப்பது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளி பட்டால் நீர் பிரியும் என 1972இல் புஜிஷிமாவும் ஹொண்டாவும் அறிவித்ததில் இதன் வேர் இருக்கிறது. அனற்றேசு வடிவத் துணிக்கையில் 388 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி படும்போது இலத்திரன்கள் கிளர்ந்தெழுகின்றன. காற்றின் ஒட்சிசனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து ஐதரொட்சில் மூலிகம் போன்ற வீரியமான பொருள்கள் உண்டாகின்றன. அவை சேதனக் கறையைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. 2004இல் ஹொங்கொங் பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் தாவூத், சின் ஆகியோர் தைத்தேனியம் ஈரொட்சைட்டைத் தாழ்ந்த வெப்பநிலையில் பருத்தியில் படிய வைத்தனர். பருத்தியைக் கருக்காமல் பூசமுடியும் என்பதே அதன் முக்கியத்துவம்.

முதல் வழிக்கு நீர் ஒட்டக்கூடாது. இரண்டாம் வழிக்குச் சிறிதளவு ஈரமாவது வேண்டும். இரண்டையும் ஒரே துணியில் இணைப்பதும் எளிதன்று. நீர்விலக்கும் மெழுகையோ சிலிக்கோனையோ ஒளியூக்கி அரிக்கக்கூடும். அந்த அரிப்பைத் தாங்குவதற்கெனப் புளோரீன் சேர்மங்களை நாடினால், பகுதி 6இல் சொல்லப்படும் வேறொரு தீங்கு வந்து சேரும்.

3. படங்கு

கொழுந்து பறிப்பவர் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த படங்கே தோட்ட உடையில் அதிகம் அழுக்காவது. தேயிலைச் செடிகள் வழக்கமாக 1.2 மீற்றருக்கு 0.6 மீற்றர் இடைவெளியில் நடப்படுகின்றன. கவ்வாத்து வெட்டிய முரட்டுக் கிளைகளுக்கிடையே அவர் நுழைந்து நடக்கும்போது படங்கு இரு பக்கமும் உராய்கிறது. காலை முதல் மாலை வரை அதே உராய்வுதான். நீர்விலக்குப் பரப்பின் நுண்மேடுகளை முதலில் அழிப்பது உராய்வே. ஆக, பாதுகாப்பு மிகுதியாக வேண்டிய இடத்தில்தான் பூச்சு முதலில் தேய்ந்துபோகும்.

ஒளியூக்கியின் நிலையும் இங்கே சிக்கலானது. படங்கின் கறைகள் இருவகை. கொழுந்துச் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் காற்றில் ஒட்சியேறிப் பழுப்பாகின்றன. இரும்போடு சேர்ந்தால் கருமையாகின்றன. கோப்பி, சிவப்பு வைன் கறைகளில் ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் பெற்ற முடிவுகளைப் பார்த்தால், இக்கறையும் மெல்ல மங்கும் என எதிர்பார்க்கலாம். மற்றது செம்மண் சேறு. அதற்கு நிறம் தருவது இரும்பு ஒட்சைட்டு. அது சேதனப் பொருளன்று, ஏற்கெனவே ஒட்சியேறியது. ஒளியூக்கி அதில் சிதைப்பதற்கு ஒன்றுமில்லை. போதாததற்கு, சேறு துணிக்கையின்மேல் படிந்து ஒளியை மறைக்கும். கொழுந்துக் கறையும் அதனடியில் அப்படியே தங்கிவிடும்.

4. பருவத்தின் முரண்

சூரிய ஒளியில் புறவூதாப் பங்கு ஏறத்தாழ 5 வீதமே. உயரம் கூடக்கூட அது சற்று மிகும் என்பதால் பதுளையைவிட அப்புத்தளைக்கு வாய்ப்பு அதிகம் எனத் தோன்றலாம். ஆனால் மழையின் கணக்கு வேறு. ஊவாத் தேயிலையின் மணத்துக்குப் பெயர்பெற்ற யூலை முதல் செப்டெம்பர் வரையான காலம் வறண்டது. வெயில் உண்டு, சேறு குறைவு. ஒக்டோபருக்குப் பிறகு இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் வரும்போது சேறும் மிகும், மூடுபனியும் இறங்கும். அந்த மாதங்களில் துவைத்த துணி லயத்து அடுப்படிக் கொடியில் புகையோடு காய்கிறது. அதன்மேல் வெயிலே படுவதில்லை.

எனவே அழுக்கு குறைந்த பருவத்தில் துணி நன்றாக வேலை செய்யும். அழுக்கு மிகுந்த பருவத்தில் வேலை செய்யாது. பீலி வற்றும் காலத்தில் வியர்வை நாற்றத்தையும் மங்கிய கறையையும் குறைப்பது பயனே. ஆயினும் சலவையை ஒழிக்கும் தொழினுட்பம் என்று இதைச் சொல்ல முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. ஒளியூக்கிக்குக் கறை வேறு, சாயம் வேறு என்று தெரியாது. வண்ணச் சேலையின் சாயமும் காலப்போக்கில் வெளிறும். பருத்தியின் செலுலோசும் நலிவடையும். இடையே சிலிக்கா அடுக்கு வைத்து இழையைக் காக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அவை செலவையும் கூட்டுகின்றன.

5. மருந்தடிப்பவர்

மேற்சொன்ன தடைகளை மருந்தடிப்பவரின் மேலுடைக்குப் பொருத்திப் பார்த்தால் விடை மாறுகிறது. களைநாசினி மழையில் கழுவுண்டு போகும் என்பதால் மழையற்ற நாளில்தான் தெளிக்கிறார்கள். ஆகவே உடை அழுக்காகும் நாளிலேயே வெயிலும் கிடைக்கிறது. படிவதும் பெரும்பாலும் சேதனச் சேர்மமே. வேலையுடையின் நிறம் வெளிறினால் யாருக்கும் நட்டமில்லை.

தேவையும் இங்கே பெரிது. 2015இல் கிளைபோசேற்று என்ற களைநாசினி இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டதால், தோட்டங்களில் அதை மீண்டும் தெளிக்க இடம் கிடைத்தது. தெளித்து முடித்தவரின் சட்டை வீட்டுக்குப் போனால், பிள்ளைகளின் உடையோடு ஒரே வாளியில் ஊற வாய்ப்புண்டு. நஞ்சைத் தெளித்தவர் ஒருவராயினும் அதைக் கையால் கசக்குபவர் வேறொருவர். உடையை ஸ்டோர் வாசலிலேயே கழற்றி வெயிலில் தொங்கவிட்டால், வீட்டுக்குப் போகும் எச்சத்தின் அளவு குறையும்.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். கிளைபோசேற்று சிதையும்போது அமினோமெதைல் பொஸ்போனிக் அமிலம் என்ற இடைப்பொருள் உருவாகிறது. முழுச்சிதைவுக்கு மணிக்கணக்கில் ஒளி தேவை. ஆகவே இவ்வுடை கையுறைக்கும் முகமூடிக்கும் தனிச்சலவைக்கும் மாற்றாகாது; அவற்றுக்கு மேலதிகமான காப்பாக மட்டுமே அமையும்.

6. செலவும் கழிவும்

2024 செப்டெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலியை 1,350 ரூபாயாக நிர்ணயித்தது. நனோப் பூச்சுள்ள உடையை அவரே வாங்குவார் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கொழுந்து பறிப்பவருக்கான நுகர்பொருளாக அன்றி, மருந்தடிப்பவருக்குக் கம்பனி வழங்கவேண்டிய பாதுகாப்பு உபகரணமாகக் கொண்டால் செலவு நிருவாகத்தின் கணக்கில் சேர்கிறது.

கழிவைப் பொறுத்தவரை, வெள்ளி நனோத் துணிக்கை சேர்த்த காலுறைகளைக் கழுவியபோது வெள்ளி நீரில் கலந்ததை 2008இல் பென், வெஸ்ரஹொவ் ஆகியோர் காட்டினர். நீர்விலக்குப் பூச்சுகளோடு தொடர்புடைய பெர்புளோரோ ஒக்டனோயிக் அமிலம் 2019இல் ஸ்டொக்ஹோம் சாசனத்தின் பட்டியலில் இடம்பெற்றது. பல தோட்டங்களின் கான் நீர் ஓடையில் விழுந்து, பதுளு ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. மேல்லயத்தின் கழிவு கீழ்லயத்தின் குடிநீராகும் நிலத்தில் வெள்ளியையும் புளோரீனையும் தவிர்ப்பது முதல் நிபந்தனையாக வேண்டும். தைத்தேனியம் ஈரொட்சைட்டும் உதிராதபடி இழையோடு பிணைந்திருக்க வேண்டும்; அதன் தூளைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது.

7. முடிவு

இந்த ஆய்வைச் செய்யும் வசதி நாட்டிலேயே உண்டு. அரசும் பிரண்டிக்ஸ், எம்.ஏ.எஸ். போன்ற ஆடை நிறுவனங்களும் சேர்ந்து 2008இல் நிறுவிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் ஹோமாகமையில் இயங்குகிறது. தைத்தேனியத்தின் மூலமான இல்மனைற்று புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. தேயிலைத் தொழினுட்பம் கற்பிக்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. ஏற்றுமதிக்கான விளையாட்டுடையை நோக்கிய ஆய்வில் ஒரு பங்கையேனும் தோட்டத்து வேலையுடைக்குத் திருப்பலாம்.

அவ்வாறு திருப்பினால் சோதிக்க வேண்டியவை தெளிவானவை: சவர்க்காரமிட்டுக் கல்லில் அடித்துத் துவைத்த பின் பூச்சு எவ்வளவு எஞ்சுகிறது, நிழலிலும் மூடுபனியிலும் எச்சம் எவ்வளவு குறைகிறது, அலசிய நீரில் என்ன கலக்கிறது. இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, கொழுந்து பறிக்கும் பெண்ணின் சலவைச் சுமையைக் குறைக்கும் நம்பகமான வழி லயங்களுக்குத் தடையின்றிக் குழாய்நீர் கொடுப்பதே. நனோத் துணியைக் காட்டி அந்தக் கோரிக்கையைத் தள்ளிப்போட எந்த நிருவாகத்துக்கும் இடம் கொடுக்கக்கூடாது.