பிரெக்சிட்டும் மருத்துவத் துறையும்

பிரெக்சிட் என்பது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஐக்கிய இராச்சியம் விலகிய நிகழ்வைக் குறிக்கும். 2016 சூன் 23 இல் நடந்த பொது வாக்கெடுப்பைத் தொடர்ந்து, 2020 சனவரி 31 இல் அந்நாடு விலகியது. இடைமாற்றுக் காலம் 2020 திசம்பர் 31 இல் முடிந்தது. இவ்விலகல் எல்லை கடந்த சிகிச்சை, மருத்துவப் பட்டங்களின் ஏற்பு, வெளிநாட்டு மருத்துவர்களின் பயிற்சி வாய்ப்பு ஆகியவற்றை மாற்றியமைத்தது. இந்திய, இலங்கைத் தமிழ் மருத்துவர்கள் பலர் பிரித்தானியாவில் பணியாற்றுவதால் இம்மாற்றங்கள் தமிழர்களையும் நேரடியாகப் பாதித்தன.

எல்லை கடந்த சிகிச்சை

ஒன்றியத்தில் இருந்தபோது, ஓர் உறுப்பு நாட்டவர் மற்றொரு உறுப்பு நாட்டில் நோயுற்றால், ஐரோப்பிய நலக் காப்பீட்டு அட்டையைக் காட்டி அந்நாட்டவருக்குரிய அதே கட்டணத்தில் அரசுச் சிகிச்சை பெறலாம். விலகலுக்குப் பின் வணிக, ஒத்துழைப்பு உடன்படிக்கையின் மூலம் இவ்வசதி தொடர்ந்தது. 2021 முதல் ஐக்கிய இராச்சியம் உலகளாவிய நலக் காப்பீட்டு அட்டை என்னும் புதிய அட்டையை வழங்குகிறது.

ஆனால் 2011 ஆம் ஆண்டின் எல்லை கடந்த சிகிச்சை நெறியாணை தந்த உரிமை நீங்கியது. அதன்படி நோயாளி வேறொரு உறுப்பு நாட்டின் தனியார் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்று, செலவை உள்நாட்டுக் கட்டண அளவுக்குத் திரும்பப் பெறலாம். இப்போது திட்டமிட்ட சிகிச்சைக்கு முன் அனுமதி தேவை. அதுவும் அரசுச் சேவையில் மட்டுமே பெறமுடியும்.

அயர்லாந்துத் தீவு

வட அயர்லாந்துக் குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சை தப்ளினில் நடைபெறுகிறது. அயர்லாந்துக் குடியரசின் டொனகோல் பகுதிப் புற்றுநோயாளிகள் வட அயர்லாந்தின் டெரி நகரில் கதிர்வீச்சு மருத்துவம் பெறுகின்றனர். இரு நாடுகளுக்கும் இடையிலான பொதுப் பயணப் பகுதி ஏற்பாடு ஒன்றியத்திற்கும் முந்தையது என்பதால் இச்சேவைகள் நிற்கவில்லை.

பட்டங்களும் பதிவும்

2005 ஆம் ஆண்டின் தொழில்முறைத் தகுதி நெறியாணைப்படி, ஓர் உறுப்பு நாட்டின் மருத்துவப் பட்டம் பிற உறுப்பு நாடுகளில் தானாகவே ஏற்கப்படும். விலகலுக்குப் பின்னரும் ஐரோப்பியப் பட்டங்களை ஐக்கிய இராச்சியம் தன்விருப்பில் ஏற்று வருகிறது. ஒன்றியமோ பிரித்தானியப் பட்டங்களைத் தானாக ஏற்பதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

செவிலியர் பதிவில் வீழ்ச்சி பெரிது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலிருந்து புதிதாகப் பதிவு செய்தோர் 2016-17 இல் 6,382 பேர். 2017-18 இல் 805 பேர் மட்டுமே. 2016 இல் அறிமுகமான ஆங்கிலமொழித் தகுதி விதியும் இதற்கு ஒரு காரணம்.

இந்திய மருத்துவர்கள்

இந்தியப் பட்டங்களுக்கு அளித்துவந்த ஏற்பைப் பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் 1975 இல் விலக்கிக்கொண்டது. அதன்பின் இந்திய மருத்துவர்கள் பொதுவாகத் தகுதித் தேர்வு எழுதியே பதிவு பெறுகின்றனர். இன்றைய பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி மான்செசுட்டரில் மட்டும் நடைபெறுகிறது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலும் சாத்தூர் மாணவருக்கும் இதுவே வழக்கமான வழி.

பதிவு பெற்றாலும் பயிற்சி இடம் எளிதன்று. 2006 இல் அனுமதிச்சீட்டின்றிப் பயிற்சி பெறும் முறை நீக்கப்பட்டது. ஐரோப்பியப் பட்டதாரிகள் கிடைக்காதபோது மட்டுமே இந்தியர் போன்றோரைக் கருதவேண்டும் என்ற அரசு வழிகாட்டல், இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கில், 2008 இல் சட்டத்திற்குப் புறம்பானது எனப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. ஆயினும் குடிவரவு விதிகளில் ஐரோப்பியருக்கான முன்னுரிமை நீடித்தது. 2019 அக்டோபரில் மருத்துவப் பணிகள் அனைத்தும் ஆட்பற்றாக்குறைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது அது தளர்ந்தது. 2020 இறுதியில் புதிய புள்ளிமுறை வந்தபோது முற்றிலும் நீங்கியது.

இதனால் பயிற்சி இடங்களுக்கான போட்டி கடுமையாகியது. உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரும் சட்டமுன்வரைவு 2026 சனவரியில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அயர்லாந்து, ஐசுலாந்து, நோர்வே, லீக்கின்சுடைன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் பட்டதாரிகளும் அம்முன்னுரிமையில் சேர்க்கப்பட்டனர். படித்த நாட்டைப் பொறுத்தவரை, செருமனியில் பட்டம் பெற்றவரும் தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவரும் அம்முன்வரைவில் ஒரே வரிசையில் வைக்கப்பட்டனர்.