யானைமலையின் நிலவியல்

யானைமலை, மதுரைக்கு வடகிழக்கே மேலூர் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி நிற்கும் ஒற்றைப் பாறைக் குன்று. நீளம் ஏறத்தாழ 4 கி.மீ., அகலம் 1,200 மீட்டர், உயரம் 400 மீட்டர். துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் யானையின் சாயல் அதற்கு உண்டு. சமணர் ஏவிய யானை சோமசுந்தரரின் அம்பு பட்டுக் கல்லாய்ப் போனது என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. நாகமலைக்கும் பசுமலைக்கும் அதே நூலில் இதேபோன்ற கதைகள் இருக்கின்றன.

இன்னொரு கதையும் உலவுகிறது: இது அணைந்துபோன எரிமலையாம். மரமில்லாமல், மொட்டையாக, குழம்பு வழிந்து உறைந்தாற்போல் இருப்பதால் எழுந்த எண்ணம் அது. ஆனால் யானைமலை ஒருநாளும் வெடித்ததில்லை. சாம்பல் படிவோ எரிமலை வாயோ இங்கே கிடையாது.

எரிமலை உண்டாவதற்குத் தனிச் சூழல் வேண்டும். ஆண்டீஸ் மலைத்தொடரில் நாஸ்கா என்னும் கடலடிப் புவித்தட்டு தென் அமெரிக்காவுக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. அது கொண்டுபோகும் நீர், ஆழத்துப் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. உருகிய குழம்பு மேலேறி, குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து, எக்குவடோரின் கோட்டோபாக்ஸி போன்ற கூம்பு வடிவ அடுக்கு எரிமலைகள் எழுகின்றன. மதுரையோ இந்தியத் தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. மிக அருகிலுள்ள தட்டு விளிம்பே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான்.

அதற்காக இந்த மலைக்கும் நெருப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிலவியலாளர் 'மதுரைத் தொகுதி' என்று குறிக்கும் பெரும் பாறைப் பரப்பு, வடக்கே பாலக்காடு–காவிரிப் பெயர்ச்சி மண்டலத்துக்கும் தெற்கே அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலத்துக்கும் இடையில் கிடக்கிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, மடகாஸ்கரும் இலங்கையும் அடங்கிய நிலத்துண்டுகளுடன் இந்தப் பரப்பும் நெரிபட்டது. மேலே ஒரு மலைத்தொடர் எழுந்தது. அடியில், ஏறத்தாழ 25 முதல் 30 கி.மீ. ஆழத்தில், பாறைகள் வெந்தன. தொகுதியின் சில இடங்களில் வெப்பம் 900 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. பாறை முழுதாக உருகாமல் பாதி உருகி, உருகிய பங்கு வெளியேற வழியின்றி அங்கேயே உறைந்தது. மேலிருந்த மலைத்தொடரை மழையும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. இன்று நாம் பார்ப்பது அந்த மலையின் வேரை.

இந்தக் கதையைக் கல்லிலேயே படிக்கலாம். அடிவாரத்தில் புதிதாக உடைந்த பாறை முகத்தை உற்றுப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். கறுப்பில் மின்னுவது காக்காப்பொன். வெளுப்பு, படிகக்கல்லும் ஃபெல்ஸ்பாரும் கலந்தது. வெயில் சாய்வாக விழும்போது பட்டைகள் பிசைந்த மாவைப்போல் வளைந்து மடிந்திருப்பது புலப்படும். குளிர்ந்து இறுகிய கல் அப்படி மடியாது. இளகியிருந்த காலத்தின் தடம் அது. கல் வியாபாரத்தில் எல்லாமே 'கிரானைட்'தான். நிலவியலில் இதற்குப் பெயர் கிரானைட் நைஸ். கொடைக்கானல் மலைத்திரளின் கருங்கல் வேறு வகை, சார்னகைட். 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து வைத்த பெயர் அது. அந்தக் கல் போனது நம் பல்லாவரத்திலிருந்து.

யானையின் வழுவழுப்பான முதுகுக்கும் காரணம் உண்டு. மேற்சுமை நீங்க நீங்க, அழுத்தத்தில் இருந்த பாறை விரிந்து, வெங்காயம்போல் தோல் தோலாக உரிகிறது. மூலைகள் மழுங்கிக் குவிமாடம் மிஞ்சுகிறது. உரிந்த ஏடுகளுக்கு இடையிலும் பள்ளங்களிலும் தேங்கும் மழைநீர்தான் சுனை. சமணத் துறவிகள் கற்படுக்கை வெட்டித் தங்க இந்தச் சுனைகளும் இயற்கைக் குகைகளும் உதவின.

மண்ணைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. கரிசல் என்றாலே எரிமலைப் பாறை சிதைந்த மண் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது தக்காணத்துக்குப் பொருந்தும். திருமங்கலத்திலிருந்து தெற்கே விரியும் கரிசலுக்கு அடியிலோ பெரும்பாலும் இதே நைஸ் வகைதான் கிடக்கிறது.

உண்மையான அடுக்கு எரிமலையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தமானுக்குப் போக வேண்டும். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவு, இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை. 1787இல் அதன் வெடிப்பு முதன்முதலாகப் பதிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கியது 1991இல் மறுபடி விழித்தது; அதன் பிறகு பலமுறை குமுறியிருக்கிறது. இந்தியத் தட்டு அங்கே கீழே செருகுவதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் தெரிவது சுமார் 350 மீட்டர், அதாவது யானைமலையைவிடக் குட்டை. ஆனால் அதன் அடி, கடலுக்குள் 2 கி.மீ.க்கும் கீழே இருக்கிறது.

யானைமலையின் கல் உளிக்குக் கடினமானது. ஆனாலும் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இங்கே நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுக்க, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் அதை முடித்தார். கல்வெட்டு தரும் ஆண்டு கி.பி. 770. நம் காலத்தில் அதே கல்லின்மேல் வேறு கண்கள் விழுந்தன. 2010இல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்து, மக்கள் எதிர்ப்பால் நின்றது. மேலூர் வட்டாரத்துக் குன்றுகள் பல கிரானைட் குவாரிகளாகிக் குழிகளாகிவிட்டன.

2022 நவம்பரில் அதே வட்டாரத்திலுள்ள அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024இல் ஏலம் முடிந்தது. மேலூர் ஊர்கள் திரண்டன. டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.