ஈவ்லின் பிராண்ட்

ஈவ்லின் பிராண்ட் (1879–1974) தமிழ்நாட்டின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே மருத்துவ, சமயப் பணி செய்த ஆங்கிலேய மிஷனரி. ‘பிராண்ட் பாட்டி’ என அறியப்பட்டவர். துன்பத்தைக் கடவுளிட்ட பணியாக மாற்றிக்கொள்ளும் கிறிஸ்தவ நோக்குக்குத் தமிழ் மண்ணில் இவரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, பெரியமலை, தருமபுரி மாவட்டம் அரூர் பகுதியைச் சேர்ந்த சித்தேரி மலை ஆகிய ஐந்திலும் நற்செய்தியும் மருந்தும் போய்ச்சேர வேண்டும் என்பது இவரும் கணவர் ஜெஸ்ஸி பிராண்டும் செய்துகொண்ட உறுதி.

லண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் ஈவ்லின். முப்பது வயதைக் கடந்தபின் இந்தியா வந்து, 1913-இல் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸியை மணந்தார். இருவரும் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். இருவரும் பணிசெய்யக் குடியேறிய கொல்லிமலைக்கு அப்போது சாலை கிடையாது. மலேரியாவோ ஊருக்கு ஊர் இருந்தது. மருந்து வாங்க மக்கள் வந்தார்கள், மதம் மாற ஆண்டுக்கணக்கில் எவரும் வரவில்லை. கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, இவர்களை எதிர்த்துவந்த கோயில் பூசாரியே நோயில் விழுந்தார். சொந்த மக்களே அஞ்சி விலகிய அந்த வீட்டுக்குப் போய்ப் பணிவிடை செய்தது இந்தத் தம்பதிதான். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை இவர்களிடம் ஒப்படைத்தார். பல ஆண்டுப் பிரசங்கம் திறக்காத கதவை அந்த ஒரு சாவு திறந்தது.

1929 ஜூனில், மலேரியாவை ஒட்டி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தனர். மகன் பாலுக்கு அப்போது 14 வயது. இறப்புச் செய்தி போய்ச்சேர்ந்த பிறகே, தந்தை கடைசியாக எழுதிய கடிதம் கப்பலில் வந்து மகன் கைக்குக் கிடைத்தது. ஈவ்லினின் துயரம் நெடியது, ஆழமானது. இங்கிலாந்து போய்விட்டு மீண்டும் இந்தியா திரும்பியவரை மிஷன் சமவெளியில் நிறுத்தியது. முதுமையைக் காரணம் காட்டி, மலைக்கு அனுப்ப மறுத்துவிட்டது. ஓய்வு பெற்றபின், எழுபது வயதை ஒட்டி, எந்தச் சங்கத்தின் ஆதரவும் இல்லாமல் தாமாகவே கொல்லிமலை ஏறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்தார், எலும்பு முறிந்தது. கால்கள் வலுவிழந்தபின் இரு கைகளிலும் மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். மற்ற மலைகளுக்கும் பணியைக் கொண்டுசென்றது இந்தத் தள்ளாத காலத்தில்தான்.

துன்பம் ஏன் வந்தது என்று விவிலியத்தின் யோபு நூல் கேட்கிறது. நேரான விடை அதில் இல்லை. கிறிஸ்தவ மரபின் வலுவான இழை, சிலுவையை முன்னிறுத்தி, இந்தத் துன்பத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன செய்யலாம் என்று கேட்பது. ஈவ்லின் அந்த இழையைச் சேர்ந்தவர். ‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று நோயாளிக்குச் சொல்லிவிட்டு நகர்வதோடு இதைக் குழப்பக் கூடாது. மலைமக்களை வாட்டிய நரம்புச்சிலந்தி நோய், புழுத்தொற்று உள்ளவர்கள் குடிநீரில் கால் வைப்பதால் பரவுவது. ஜெஸ்ஸி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் கட்டி அதைத் தடுக்க முயன்றார். ஈவ்லினும் அந்நோயோடு கடைசிவரை போராடினார். தம் துயரைப் பொறுத்துக்கொண்டவர்கள், பிறர் துயரைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

மகன் பால் பிராண்ட் (1914–2003) சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் சீராக்கினார். தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவது பெரும்பாலும் வலி உணராமல் ஏற்படும் காயங்களால் என்று காட்டியவர்களில் முதன்மையானவர். வலி ஒரு கொடை என்ற கருத்தை விளக்கி, பிலிப் யான்சியுடன் இணைந்து 1993-இல் நூல் வெளியிட்டார்.

ஈவ்லின் 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எதிர்த்துப் போராடிய நரம்புச்சிலந்தி நோயின் கடைசித் தொற்று இந்தியாவில் 1996-இல் பதிவானது; 2000-இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.